நீல விளிம்புக் கோப்பை

கண் டொக்டர் அம்மாவின் கண்களை விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, வலக்கண்ணை முதலில் வெட்டலாம் என்றார். ஆனால் அம்மாவின் உடம்பில் சீனி இறங்கினால்தான் கத்தி வைப்பாராம். சீனியோடு வெட்டினால் புண் ஆறாது. பழுத்தால் கண்ணே போய்விடும். ஆறு கிழமை தவணை தந்தார். ஒவ்வொரு காலையும் சலத்தை, அதாவது சிறுநீரை, சோதித்து, வருகிற நிறத்தை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வரவேண்டும். கடைசிக் கிழமை முழுவதும் நீலமாகவோ, மிஞ்சினால் இளம்பச்சையாகவோ இருந்தால் வார்ட்டில் கட்டில் கிடைக்கும். இல்லாவிட்டால் பிறகு பார்ப்போம் என்றார். அந்தப் 'பிறகு' எவ்வளவு தூரம் என்று நாங்கள் கேட்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. உரும்பிராயில் அம்மாவும் நானும்தான் வீட்டில். ஐயா கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை. லீவுக்கு வந்து போவார். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தேன். பல்கலைக்கழகம் கிடைத்தால் கண் தெரியாத அம்மாவை யாரிடம் விட்டுப் போவது என்ற கேள்வியை வீட்டில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது எனக்குள் கேட்டுக்கொண்டேன். ஆகவே சீனியை இறக்குவதில் எனக்கு இருந்த அவசரம் முழுவதும் அம்மாவுக்கானது என்று சொல்லமாட்டேன்.

அம்மா மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் படித்தவர். வாசிக்காமல் இருக்கத் தெரியாதவர். கண்ணில் புரை விழுந்த பிறகு அந்த வேலை என் தலையில் வந்தது. காலையில் பேப்பர், பின்னேரம் வேதாகமம், இடையில் ஐயாவின் கடிதங்கள். எனக்குப் பொறுமை கிடையாது. நீண்ட அதிகாரங்களில் நடுவே ஒன்றிரண்டு வசனங்களைத் தாண்டி விடுவேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டே, "பதினாலாம் வசனம் எங்கை போட்டுது?" என்று கேட்பார்.

டொக்டர் சொன்னதில் அம்மாவின் காதில் விழுந்தது ஒன்றுதான்: சோற்றைக் குறையுங்கள். அம்மா குறைக்கவில்லை, அடியோடு விட்டார். அரிசி அருமையாகிப் போயிருந்த காலம். கலியாண வீட்டிலேயே மரவள்ளிக் கிழங்கு அவித்துப் போட்டார்கள். ஆனால் கிடைக்காமல் விடுவது வேறு, இருக்கத்தக்கதாக விடுவது வேறு. செய்தி ஒழுங்கை முழுவதும் பரவிற்று. வேலிக்கு அந்தப் பக்கத்து மாமிதான் பரப்பினவர். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் பனையோலை வேலி. அதில் ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய பொட்டு. அம்மாவும் மாமியும் இருபது வருடமாக அந்தப் பொட்டு வழியாகத்தான் கதைத்தார்கள், கறி கொடுத்தார்கள், வாங்கினார்கள். மாமி சைவம், நாங்கள் வேதம். அது கறி போகிற வழியை ஒரு நாளும் மறித்ததில்லை.

"அக்கா, ஒரு பருக்கையும் வாயிலை வைக்கேல்லையாமே? நான் விரதக்காரி, என்னாலையே ஏலாது" என்றார் மாமி.

"கண் வேணுமே தங்கச்சி" என்றார் அம்மா. குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சோதனை என் பொறுப்பு. மருந்துக்கடையில் நீலக் கரைசல் ஒரு போத்தல், சோதனைக்குழாய் இரண்டு, ஸ்பிரிட் விளக்கு ஒன்று. குழாயில் அளவாகக் கரைசல் விட்டு, சலத்தில் எட்டுத் துளி விட்டுக் கொதிக்க வைத்தால், சீனி இல்லாதபோது நீலம் நீலமாகவே நிற்கும். சீனி ஏற ஏறப் பச்சை, மஞ்சள், தோடம்பழ நிறம், கடைசியாகச் செங்கல். பள்ளிக்கூட ஆய்கூடத்தில் குளுக்கோசை வைத்துச் செய்ததுதான். இப்போது வீட்டுக் குசினியில் செய்கிறேன் என்பதே எனக்குப் பெரிய உற்சாகம். அம்மா பக்கத்தில் மர வாங்கில் குந்தி இருந்துகொண்டு, "என்ன நிறம், பிள்ளை?" என்று கேட்பார். அவருக்கு அந்த நிறங்கள் எல்லாம் ஒரே புகை.

முதற் கிழமை முழுவதும் தோடம்பழம். ஒரு நாள் செங்கல்.

சோறே தொடாத ஆளுக்கு எங்கிருந்து சீனி? ஒரு நாள் முழுவதும் அம்மாவின் பின்னால் திரிந்து, அவர் வாயில் போட்டதையெல்லாம் எழுதினேன். காலையில் காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் பிட்டு, அவிக்கிற நீத்துப்பெட்டி நிறைய. பத்து மணிக்கு அவித்த மரவள்ளி, சம்பலோடு. மத்தியானம் சோற்றுக்குப் பதிலாகத் திரும்பவும் மரவள்ளி, இந்த முறை கறியாகவும். பின்னேரம் மாமி பொட்டுக்குள்ளால் நீட்டின இராசவள்ளிக் கிழங்கு. இரவு குரக்கன் மாப் பிட்டு. இவ்வளவையும் சாப்பிட்டுவிட்டு அம்மா மாமியிடம், "இண்டைக்கும் சாப்பிடேல்லை" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

"அம்மா, இவ்வளவும் என்ன?"

"உது சாப்பாடே? சோறு கேக்கிற வயித்தைப் பிராக்காட்டுறது."

அம்மா பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சாப்பிட்டாச்சோ என்று கேட்டால் சோறு தின்றாச்சோ என்றுதான் கருத்து. மூன்று இறாத்தல் கிழங்கு தின்றவனும் இன்னும் சாப்பிடவில்லை என்பான், அதை மற்றவனும் ஒத்துக்கொள்வான். நான் அன்று மாப்பொருள் பற்றி அம்மாவுக்கும், பொட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற மாமிக்கும் ஒரு நீண்ட பிரசங்கம் செய்தேன். வாயில் கரைந்தால் எல்லாம் சீனிதான் என்றேன். மாமி கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப மனிசர் என்னத்தைத் தின்னுறது, பிள்ளை? காத்தையோ?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆசுபத்திரிக் கிளினிக்கில் தந்த ஒற்றைத் தாளில், பயறு, கடலை, கௌப்பி என்கிற தட்டைப்பயறு போன்ற தானியங்கள் மெல்லச் செமிக்கும், சோற்றைப் போலச் சீனியைச் சட்டென்று ஏற்றாது என்று இருந்தது. அதற்குக் கீழும் இரண்டு வரி இருந்தது. முதல் வரியிலேயே நான் வாசிப்பை விட்டு எழும்பிவிட்டேன்.

மறுநாளே மரவள்ளிக்கும் ஒடியலுக்கும் தடை போட்டேன். சந்தையில் கௌப்பியும் கடலையும் பயறும் தாராளமாகக் கிடைத்தன. முதல் நாள் அவித்த கௌப்பி உப்பும் புளியும் இல்லாமல் மண் மாதிரி இருந்தது. அம்மா நாலு வாய் தின்றுவிட்டுக் கோப்பையைத் தள்ளினார். எங்களுக்குக் கோப்பை என்றால் சாப்பிடுகிற தட்டு. அம்மாவுடையது எனாமல் கோப்பை, வெள்ளை, சுற்றிவர நீல விளிம்பு. அந்த விளிம்பு வரைக்கும் போட்டால்தான் ஒரு சாப்பாடு. அதற்குக் குறையப் போட்டால் வந்தவனைப் போகச் சொல்லுகிற மாதிரி என்பது எங்கள் வீட்டு எண்ணம். அப்படித்தான் அம்மா எனக்குப் போட்டார், நானும் அப்படித்தான் போட்டேன்.

மூன்றாம் நாள் மஞ்சள். ஐந்தாம் நாள் பச்சை. நான் குழாயைத் தூக்கிக்கொண்டு பொட்டுக்கு ஓடினேன். மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டி நின்று பார்த்தார். "வடிவான பச்சை. உதை என்ரை அடுப்படிக்குக் கொண்டு வராதை, போ."

கடலை தின்றால் வேறு ஒரு தொல்லையும் உண்டு. அந்தக் கிழமை எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். எல்லாரும் கண்ணை மூடி இருந்த நேரத்தில் அம்மாவின் வயிறு ஒரு சத்தம் போட்டது. பின்னால் இருந்த ஒரு கிழவர் ஆமென் என்றார். அம்மா பிறகு நாலு நாள் என்னோடு கோபம்.

சமையலைத் திருத்தினேன். கௌப்பியை அவித்து வடித்து, வெங்காயம், செத்தல் மிளகாய், கடுகு, கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்ச் சொட்டுப் போட்டுப் பிரட்டினேன். கடலைக்கு உள்ளி. பயற்றுக்குத் தேங்காய்ப்பூ. இப்போது அம்மா கோப்பையைத் தள்ளவில்லை. மூன்று நேரமும் விளிம்பு வரைக்கும் போட்டேன், மூன்று நேரமும் வழித்துச் சாப்பிட்டார். "இன்னும் ஒரு அகப்பை போடட்டோ?" என்று கேட்டுப் போட்ட நாளும் உண்டு. கடலைதானே, எவ்வளவும் தின்னலாம் என்று நானே சொன்னேன்.

மூன்றாம் கிழமை நடுவில் பச்சை மஞ்சளானது. பிறகு தோடம்பழம்.

எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. கடலையால் இறங்கின சீனி கடலையால் ஏறாது. அம்மா ஒளித்துச் சாப்பிடுகிறார்.

"மாமி என்ன தந்தவ, அம்மா?"

"ஒண்டும் தரேல்லை."

"மரவள்ளி தந்தவவோ?"

"தரேல்லை எண்டு சொல்லுறன்."

"பொய் சொல்லாதேங்கோ அம்மா. குழாய் சொல்லுது."

"எனக்குக் கண்தான் தெரியேல்லை. நாக்கு நேராத்தான் கிடக்கு" என்றார் அம்மா.

கொப்பியில் இரண்டு கோடு கீறி மூன்றாகப் பிரித்திருந்தேன்: தேதி, நிறம், குறிப்பு. அன்று குறிப்பில் 'களவு' என்று எழுதினேன். அடுத்து வந்த நாள்களிலும் எழுதினேன், பக்கத்தில் 'மாமி' என்றும் சேர்த்து. கறுப்புப் பேனையால், நல்ல உறுப்பெழுத்தில். அம்மா பக்கத்திலேயே இருந்து பேனை உரசும் சத்தத்தைக் கேட்டார். "இவ்வளவு நேரம் என்ன எழுதுறாய்?" என்றார். நிறம் என்றேன். வாசிக்க மாட்டாத ஒருவரின் முன்னால் இருந்து அவரைப் பற்றி எழுதுவதில் எனக்கு எந்தக் கூச்சமும் வரவில்லை. அதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

மாமியின் பித்தளைக் கிண்ணம் ஒன்று எங்கள் வீட்டில் நின்றது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுப் பாத்திரம் இன்னொரு வீட்டுக்கு வெறுமையாகத் திரும்பாது. ஒன்றும் இல்லாவிட்டால் நாலு பச்சைமிளகாயாவது, ஒரு பிடி முருங்கையிலையாவது போட்டுக் கொடுப்பார்கள். நான் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துப் பொட்டுக்குள்ளால் வெறுமையாக நீட்டினேன்.

"மாமி, இனி அம்மாவுக்கு ஒண்டும் தரவேண்டாம். அவவின்ரை கண்ணுக்கு நீங்கள்தான் மறிப்பு."

மாமி கிண்ணத்துக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "முந்தநாள் உதிலை தந்தது கீரை, பிள்ளை" என்றார்.

"கீரைக்கு உப்பிடி நிறம் வராது."

"சரி. இனித் தரேல்லை."

அதன் பிறகு பொட்டில் குரல் கேட்கவில்லை. அம்மா இரண்டு தரம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். "அவவுக்குச் சுகமில்லையோ தெரியாது" என்றார். நான் சோதனைக்குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். நிறம் அப்படியே நின்றது. பொட்டு வழி கறி வருவது நின்ற பிறகும் தோடம்பழம் வந்தது எனக்கு ஒரு சைகையாக இருந்திருக்க வேண்டும். நானோ அலுமாரிக்குள் தேடினேன், அரிசிப் பானைக்குள் கை விட்டுப் பார்த்தேன்.

நாலாம் கிழமை முடிவில் ஆசுபத்திரிக் கிளினிக். கொப்பியைக் கொண்டு போகவேண்டும் என்பது அன்று காலை பஸ் ஏறின பிறகுதான் எனக்கு உறைத்தது. தாளைக் கிழித்தால் தேதி குறையும். பேனை எழுத்து, அழிக்கவும் முடியாது. கோப்பாய்ச் சந்தி தாண்டும்போது கொப்பியை மடியில் கவிழ்த்து வைத்தேன். அம்மா யன்னலோரம் இருந்து, வெளிச்சம் வருகிற பக்கம் முகத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கொப்பியை வாங்கினது ஒரு மிஸி. ஆசுபத்திரித் தாதிகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவது. விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். விரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு அடுத்த வரியிலும் நின்றது. நிமிர்ந்து அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இது ஆற்றை எழுத்து?"

"என்ரை."

"ம்" என்றார். அம்மாவின் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கோ அம்மா, என்ன சாப்பிடுறனீங்கள்?"

"சோறு தொட்டு நாலு கிழமை, மிஸி. கிழங்கும் இல்லை. கௌப்பி, கடலை, பயறு."

"எவ்வளவு?"

அம்மா இரண்டு கையையும் விரித்து, காற்றில் ஒரு வட்டம் பிடித்துக் காட்டினார். அந்த வட்டத்தின் மேல் ஒரு கையால் குவியலையும் காட்டினார். "விளிம்பு வரைக்கும். மூண்டு நேரமும். என்ரை பிள்ளையைச் சும்மா சொல்லக்கூடாது, நல்லா அள்ளிப் போடுவா."

வாங்கில் இருந்த மற்ற நோயாளிகள் சிரித்தார்கள். மிஸி சிரிக்கவில்லை. மேசையில் தான் குடித்து முடித்த தேத்தண்ணிக் கப்பை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அவிச்ச பிறகு இதிலை அரைவாசி. ஒரு நேரத்துக்கு. பிள்ளை, கடலையிலையும் மா இருக்கு. சோத்தைவிட மெல்லமாத்தான் ஏறும், ஆனால் மலையாக் குவிச்சால் அதுவும் ஏறத்தான் செய்யும். தாளிலை போட்டிருக்கே, வாசிக்கேல்லையோ?"

தாளை மடித்தபடியே கொப்பிக்குள் வைத்திருந்தேன். இரண்டாம் வரி: அளவாக. மூன்றாம் வரியில் அந்த அளவே இருந்தது.

ஆய்கூடத்தில் ஊறப்போட்ட அவரை விதையைப் பிளந்து, அயடீன் ஒரு சொட்டு விட்டிருக்கிறேன். மை போலக் கறுத்தது. மாப்பொருள் உண்டு என்று படம் கீறி, நிறம் தீட்டி, சரி வாங்கியிருக்கிறேன். அது பரீட்சைக்கு. குசினியில் அவரையும் கடலையும் எனக்கு வேறு சாதிப் பொருளாகிவிட்டன. மரவள்ளியைச் சாப்பாட்டில் சேர்க்காத அம்மாவுக்குப் பிரசங்கம் செய்துவிட்டு, கௌப்பியை நான் சேர்க்காமல் விட்டேன்.

மிஸி அம்மாவின் கைக்குள் கப்பைக் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். "இதிலை அரைவாசி கடலை. ஒரு சின்ன அகப்பை சோறு. மிச்ச இடத்துக்குக் கீரை, கத்தரிக்காய், பயற்றங்காய் பிஞ்சாப் பாத்து. சீனிக்குத் தந்த குளிசை மருந்தையும் விடாதேங்கோ."

"சோறோ?" என்றார் அம்மா. "சோறு தின்னலாமோ?"

"ஒரு அகப்பை."

"அப்ப மரவள்ளி?"

"ரெண்டு துண்டு. அண்டைக்குச் சோறு இல்லை."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா கேட்டார், "மிஸி கொப்பியைப் பாத்து ஏன் கனநேரம் நிண்டவ?"

"நிறம் பாத்தவ."

"ம்" என்றார், மிஸி சொன்ன அதே மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் நீல விளிம்புக் கோப்பையை மேல் தட்டில் ஏற்றி வைத்தேன். தேத்தண்ணிக் கப்புக்குக் கீழே வைக்கிற சோசர்தான் இனிக் கோப்பை. அம்மா தடவிப் பார்த்து, "பூனைக்கோ?" என்றார். ஆனால் அன்று மத்தியானம் அந்த ஒரு அகப்பைச் சோற்றை அவர் சாப்பிட்ட விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. குழைக்கவில்லை. முதலில் நாலைந்து பருக்கையை மட்டும் எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தார்.

மூன்று நாளில் மஞ்சள். பிறகு பச்சை. ஆறாம் கிழமை தொடங்கும்போது குழாயைக் கொதிக்க வைத்தேன், வைத்த நீலம் வைத்தபடி நின்றது. "என்ன நிறம்?" என்றார் அம்மா. நீலம் என்றேன். "களவா நீலமோ, உண்மையா நீலமோ?" என்று கேட்டார். சும்மாதான் கேட்டிருப்பார் என்று அப்போது நினைத்தேன்.

ஆறாம் கிழமை முடிவில் கட்டில் கிடைத்தது. வெட்டின கண் ஆறி, கண்ணாடி வர இன்னும் ஒன்றரை மாதம். தடித்த கண்ணாடி, சோடாப் போத்தல் அடிபோல. அதைப் போட்டுக்கொண்டு அம்மா வீட்டில் எதை முதலில் பார்ப்பார் என்று எனக்கு ஆவலாக இருந்தது. வேதாகமத்தை எடுத்துத் துடைத்து மேசையில் தயாராக வைத்திருந்தேன். அம்மா அதைத் தாண்டிப் போய், யன்னல் நிலையில் இருந்த கொப்பியை எடுத்தார்.

மூக்குக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். ஒரு வரியையும் தாண்டவில்லை. பக்கம் புரட்டினார். நான் அடுப்படிக் கதவில் நின்றேன்.

"பதினொரு நாள் களவெடுத்திருக்கிறன் எண்டு கிடக்கு" என்றார் அம்மா. "எனக்கே தெரியாது."

நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன்.

"எழுத்து நல்ல வடிவு. கண் தெரியாத ஆளின்ரை கொப்பியெண்டு கிறுக்கேல்லை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். "மாமியிட்டையும் ஏதும் சொன்னனியோ?"

சொன்னேன். கிண்ணம் வெறுமையாகப் போன கதையையும் சொன்னேன். பதினொரு நாளுக்கும் கோபிக்காத அம்மா அதைக் கேட்டுத்தான் கொப்பியை மூடினார்.

"வெறுமையாவோ?"

"ஓம்."

"விசரி" என்றார். எழும்பிப் போய், தன் கண்ணாலேயே பார்த்து எங்கள் கிண்ணம் ஒன்றை எடுத்தார். தாளித்த கௌப்பியை நிறைய அள்ளினார். அரைக் கப் அளவெல்லாம் பார்க்கவில்லை. "அவவுக்குச் சீனி இல்லை. கொண்டுபோ. என்னவும் பேசினால் பேச்சை வாங்கிக்கொண்டு நில்."

பொட்டடியில் மாமி கிண்ணத்தை வாங்கினார். பேசவில்லை. அது பேச்சைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அம்மாவுக்குக் கண் தெரியுதோ?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியுது, மாமி. கொப்பியெல்லாம் வாசிச்சிட்டா."

"என்னைப் பற்றியும் கிடக்கோ உதிலை?"

"கிடக்கு."

"வாசிக்கட்டும்" என்றார் மாமி.

எங்கள் கிண்ணம் மறுநாள் காலை திரும்பி வந்தது. மேலே வாழையிலைத் துண்டு மூடியிருந்தது. அம்மா தானே இலையை நீக்கிப் பார்த்தார். மஞ்சள் போட்டு அவித்த மரவள்ளி, ஆவி பறந்தது. இரண்டே இரண்டு துண்டு. மிஸி சொன்ன அளவு மாமிக்கு எப்படித் தெரிந்ததென்று நான் கேட்கவில்லை. முந்தின இரவு அம்மா பொட்டடியில் நெடுநேரம் நின்றதைப் பார்த்திருந்தேன்.

அம்மா கொப்பியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"எழுது, பிள்ளை" என்றார். "ரெண்டு துண்டு. இண்டைக்குச் சோறு இல்லை."